நடுவில் அலச வேண்டாமா

நீங்கள் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் மேடம். தவறாக நினைக்காதீர்கள். காலையில் உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது திரை கொஞ்சம் என் பக்கம் திரும்பியிருந்தது. 'சலவை ஆலை அறிக்கை', 'சலவை ஆலை அறிக்கை புதியது', 'கடைசி', 'உண்மையிலேயே கடைசி' என்று ஒரே அறிக்கை நாலு பெயரில் கிடந்தது. நீங்கள் அச்செடுத்து என்னிடம் காட்டியது 'கடைசி'. அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறதே, எதை மேலிடத்துக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எதை அனுப்பினாலும் அதில் ஒரு வரி தவறு. 'பணியாளர் செய்முறை விளக்கத்தைப் படிக்காமல் இரண்டு திரவங்களையும் கலந்ததே விபத்துக்கும் அவரது மரணத்துக்கும் காரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணியாளர் என் அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அவர் படித்தார். அந்த வரி மாற வேண்டும் என்பதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக இங்கே வந்தேன். நீங்களும் நான் சுருக்கமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி, காகிதமும் பேனாவும் கொடுத்துவிட்டு வெளியே போயிருக்கிறீர்கள். கையால் எழுதிப் பல வருடமாகிவிட்டது. இந்த அறை மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று தட்டுகிறது. நிறுத்தினால் வேர்க்கிறது, போட்டால் தட்டுகிறது. எழுந்து எழுந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆவணங்களைப் பராமரிக்கும் மென்பொருளைக் கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். மென்பொருள் எழுதுபவர்களுக்குப் பேச வராது. பேசத் தெரிந்தவர்களுக்கு மென்பொருள் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பிழைக்கிறேன். பள்ளிக்கூட அலுவலகம், பஸ் டிப்போ, மருந்துக் கிடங்கு என்று எத்தனையோ இடங்களில் வகுப்பு எடுத்திருக்கிறேன். 'ஆவண மேலாண்மை' என்று ஆரம்பித்தால் முதல் வரிசையே கொட்டாவி விடும். அதனால் நான் அப்படி ஆரம்பிக்கவே மாட்டேன். "உங்க வீட்டுச் சாவியை எங்க மாட்டுவீங்க?" என்று கேட்பேன். ஆணியில் என்பார்கள். "ஆளாளுக்கு ஒரு சாவி செஞ்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு, திடீர்னு பூட்டை மாத்திட்டா என்ன ஆகும்?" என்பேன். சிரிப்பார்கள். அவ்வளவுதான் மேடம், பாதி வகுப்பு முடிந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே ஆணி, அதில் ஒரே சாவி, அது எப்போதும் புதிய பூட்டின் சாவி. பழையதெல்லாம் உள்ளே ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பதும் இருக்கும். நீங்களே இப்போது புரிந்துகொண்டுவிட்டீர்கள் பாருங்கள்.

சலவை ஆலை வேலை அண்ணி மூலமாக வந்தது. ஆஸ்பத்திரி, ஹோட்டல் துணிகளை மூட்டை மூட்டையாக இறக்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் இடம். அண்ணி அங்கே மடிப்பு மேஜையில் இருந்தார். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கறை போகாத போர்வைகள் அப்படியே திரும்பி வந்ததும், முதலாளிக்கு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. "எங்க வீட்டுத் தம்பி இந்த வேலைதான் பாக்குறான்" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நான் போனேன். ஒவ்வொரு இடத்திலும் சுவரில் ஒரு டேப்லெட்டைப் பொருத்தி, அந்த வேலையின் செய்முறையைப் படிப்படியாக அதில் ஏற்றினோம். செய்முறை மாறினால் அந்தப் பிரிவில் இருப்பவர்கள் திறந்து படித்து, கீழே இருக்கும் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். பட்டனில் 'படித்தேன், புரிந்தது' என்று இருக்கும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உள்ள கட்டத்தில் எழுதலாம். அது நேராக எனக்கு வரும்.

எந்த மாற்றத்துக்கும் முதலாளி ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. இரண்டு தடவை தந்தார். மூன்றாவது தடவை கடவுச்சொல்லை என்னிடமே கொடுத்துவிட்டார். "நீயே பாத்துக்கப்பா, எனக்கு அதுல தலையும் புரியல, வாலும் புரியல" என்றார். அதனால் அங்கே முதலாளி பெயரில் இருக்கும் ஒப்புதல்கள் எல்லாம் நான் கொடுத்தவை. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

நான் அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தேன். கல்யாணம் ஆகாதவனுக்குத் தனியாக எதற்கு வீடு என்று அண்ணிதான் பிடித்து வைத்தார். என் தட்டில் என்ன விழுந்தது, என்ன மிச்சமிருக்கிறது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். அவரைப்போல ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை. முதல் நாள் டேப்லெட்டைத் தொடவே பயந்தார்.

"தம்பி, இதை அமுக்கினா ஒண்ணும் அழிஞ்சிடாதே?"

"அழியாது அண்ணி. நீங்க என்ன பண்ணாலும் பழையது உள்ள இருக்கும்."

"அப்ப தைரியமா அமுக்கலாம்னு சொல்லு."

சமையல்கட்டில் அடுப்பு ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் டேப்லெட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். மருந்து பாட்டில் மேல் ஒட்டியிருப்பதையே இரண்டு தடவை படிப்பவர் அவர். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பார். ஒருநாள் எனக்குச் சலித்துப்போய், "எல்லாத்துக்கும் என்னைக் கேக்காதீங்க அண்ணி. ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதைச் செய்ங்க. சந்தேகம்னா அந்தக் கட்டத்துல எழுதுங்க" என்றேன். முகம் சுண்டிப்போனாலும் சரி என்று தலையாட்டினார். அதன் பிறகு வீட்டில் சிஸ்டத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் பட்டனை அமுக்கினார்கள். எல்லாரும், எப்போதும், உடனே. ஒரு செய்முறையை மாற்றி நான் டீ குடித்து முடிப்பதற்குள் மொத்தப் பிரிவும் 'படித்தேன், புரிந்தது' என்று பச்சையாகியிருக்கும். முதலாளிக்குப் பரம திருப்தி. என்னால் உட்கார முடியாது, நிற்க முடியாது. புரியவில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபமே வராது மேடம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். புரியாமலே புரிந்தது என்று சொன்னால்தான் உடம்பெல்லாம் எரியும். வகுப்பில் தலையாட்டியவர்களின் முகங்களைத் தெருவில் நடக்கும்போதுகூட நினைத்துக்கொள்வேன். போனை எடுத்து யார் எவ்வளவு நேரம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று பார்ப்பேன். திறந்த வேகத்தில் மூடியிருப்பார்கள். பைக்குள் வைப்பேன், திரும்ப எடுப்பேன்.

அதனால்தான் கல் போட ஆரம்பித்தேன். அரிசியில் கல் கிடந்தால் மென்று சாப்பிடுபவனுக்குத் தெரியும், விழுங்குபவனுக்குத் தெரியாது. முதல் கல் இஸ்திரிப் பிரிவில். நான்காவது படியின் நடுவில், 'இந்த வரியைப் படிப்பவர் எனக்குப் போன் செய்து கத்திரிக்காய் என்று சொல்லவும்' என்று எழுதினேன். எல்லோரும் பச்சை. ஒரு கத்திரிக்காயும் வரவில்லை. அடுத்தது வண்டி ஓட்டுபவருக்கு. 'பின்கதவைத் திறந்து வைத்தபடியே ஓட்டவும்' என்று போட்டேன். அவரும் பச்சை. மறுநாள் வாசலில் போய் நின்று பார்த்தேன். வண்டி எப்போதும்போலக் கதவை இறுக மூடிக்கொண்டு போயிற்று. ஓட்டுநர் எனக்கு வணக்கம் வேறு வைத்தார். அவர் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இந்தக் கற்களை ஒரு வாரம் பத்து நாள் விட்டுவிட்டு எடுத்துவிடுவேன். தலையணை உறையைத் தலையில் வைத்து மடிக்கவும் என்று மடிப்பு மேஜைக்கு ஒன்று போட்டபோது மட்டும் கட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. 'தம்பி இது விளையாட்டுக்குத் தானே' என்று. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று சாப்பிடும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அண்ணன் "என்னடா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. அன்று நான் அடைந்த நிம்மதியை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

ஆனால் மற்றவர்கள் சும்மா இருக்கவிடவில்லையே. விளையாட்டுக் கல் என்பதால்தான் கண்டும் காணாமல் விடுகிறார்களோ என்று தோன்றியது. நிஜமான தவறாக இருந்தால் யாராவது பதறிக்கொண்டு வருவார்கள் அல்லவா. அப்படி யோசித்துத்தான் துவைக்கும் அறைக்குப் போனேன்.

அங்கே ஒருவர்தான் வேலை. எல்லோரும் அவரைச் சோப்புக்காரர் என்பார்கள். கறைத் துணிக்கு இரண்டு கேன்கள் உண்டு. வெள்ளை கேனில் ப்ளீச். மஞ்சள் கேனில் அமிலம், துணியில் தங்கும் காரத்தை எடுப்பதற்கு. இரண்டையும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே தொட்டியில்தான் ஊற்ற வேண்டும், ஒன்றன் பின் ஒன்றாக. வெள்ளையை ஊற்றி, குழாயைத் திறந்து முழுக்க மெஷினுக்குள் விட்டு, தொட்டியை இரண்டு முறை தண்ணீரில் அலசி, அதன் பிறகு மஞ்சள். செய்முறை எழுதுவதற்காக அவரோடு உட்கார்ந்தபோது அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "இது ரெண்டும் ஒண்ணு சேந்துச்சுன்னா மூச்சு விட முடியாது தம்பி. ஆளையே தூக்கிடும்." குறித்துக்கொண்டேன். அதைச் சிவப்பு எழுத்தில் ஏற்றியவனும் நான்தான்.

சிவப்பு எழுத்தையும், குழாயைத் திறக்கும் படியையும், அலசும் படியையும் எடுத்தேன். வெள்ளையை ஊற்றவும், அடுத்து மஞ்சளை ஊற்றவும் என்று படிகள் நேராக இறங்கின. முதலாளி பெயரில் ஒப்புதல் கொடுத்தேன். சோப்புக்காரர் வந்தார், டேப்லெட்டை முழங்கையால் தட்டி எழுப்பினார், பச்சையை அமுக்கினார், எப்போதும்போல அலசி அலசி வேலை செய்தார். நான் அறைக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை மேடம். அவர் படிக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் வருத்தமே.

இந்தக் கல்லை நான் எடுக்கவில்லை. அவர் என்றாவது ஒருநாள் பார்த்துவிட்டு, ஆலை மாடியில் எனக்கு ஒதுக்கியிருந்த அறைக்கு ஓடிவந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். சட்டையைப் பிடித்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். தூங்கும்போதும் பக்கத்தில் போன். இப்படியே ஒரு மாதம் போயிற்று.

பிறகு ஒருநாள் காலை சோப்புக்காரர் வரவில்லை. பல்வலி. சூப்பர்வைசர் மாடிக்கு என்னிடம் வந்தார். எதைச் சொன்னாலும் திருப்பி "ஆச்சா?" என்று கேட்பதால் அவருக்கு ஆச்சா என்றே பெயர்.

"ஆஸ்பத்திரி லோடு நிக்குது. மெஷின்ல யாரைப் போடுறதுன்னு தெரியல. மடிக்கிறவங்கள்ல யாரையும் அந்தப் பக்கம் விட்டதே இல்ல" என்றார்.

"யாரா இருந்தா என்ன? எல்லாம் படிப்படியா ஸ்கிரீன்ல இருக்கு. அதுக்குத்தானே இவ்வளவு பாடு பட்டோம்."

"நீங்க சொல்றீங்க. தப்பாச்சுன்னா என் தலை உருளுமே."

"எங்க அண்ணியைப் போடுங்க. அவங்க ஒரு எழுத்து விடாம படிச்சுத்தான் செய்வாங்க."

"ஆச்சா? அப்ப சரி" என்று இறங்கிப் போனார்.

அந்தச் செய்முறையில் கல் கிடக்கிறது என்பதை அப்போது மறந்துவிட்டேன் என்று நான் சொல்லலாம். நீங்களும் நம்புவீர்கள், உங்கள் முகம் அப்படித்தான் இருக்கிறது. மறக்கவில்லை. அவர் கண்டுபிடிப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆலையில் ஒரே ஒருவராவது கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தவர் கண்டுபிடிக்க வேண்டும். ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அண்ணி பக்கத்தைத் திறந்தார். யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். இத்தனை காலத்தில் அந்தப் புள்ளி மினுக்கென்று வந்து போவதை மட்டுமே பார்த்தவன் நான். அன்று அது எரிந்துகொண்டே இருந்தது. மேலே போனார், கீழே வந்தார், திரும்ப மேலே போனார். உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கட்டத்தில் எழுத்துகள் வந்தன.

'தம்பி நடுவுல தொட்டிய அலச வேண்டாமா. ஒரு பாத்திரத்துல ஒண்ணு செஞ்சா அடுத்ததுக்கு முன்னாடி கழுவுவோமே.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு ப்ளீச்சும் தெரியாது, அமிலமும் தெரியாது. தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு தெரியாத ஒன்றைப் பிடித்துவிட்டார். நான் வகுப்பு வகுப்பாகத் தொண்டை வறளக் கத்தியது இதற்காகத்தான். உடனே பதில் போட்டேன். 'மிக நல்ல கேள்வி அண்ணி. விளக்கமாக எழுதுகிறேன்.' அதை அனுப்பிவிட்டு விளக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அமிலத்தையும் ப்ளீச்சையும் சேர்த்தால் என்ன வாயு வரும் என்று ஆரம்பித்தேன். புத்தகம் மாதிரி இருந்தது, அழித்தேன். பிறகு சம்பந்திச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு வீட்டாரை ஒரே காரில் ஏற்றக்கூடாது என்று எழுதினேன். அது வேடிக்கையாக இருந்தது, ஆனால் அலசுவது எதற்கு என்பது அதில் வரவில்லை. அவருடைய பாத்திரத்திலிருந்தே ஆரம்பித்தால் என்ன என்று தோன்றியது. அதுதான் சரி. கேட்பவரின் கையில் இருக்கும் பொருளிலிருந்துதான் எப்போதும் தொடங்க வேண்டும். இரண்டு வாக்கியம் நன்றாக வந்தன.

கீழே ஆச்சாவின் குரல் மாடிவரை கேட்டது. "என்னம்மா ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வண்டி வந்து நிக்குது. படிச்சாச்சா?"

அண்ணி "தம்பி ஏதோ எழுதிக்கிட்டு இருக்கான், ஒரு நிமிஷம்" என்றார். நான் எழுதிக்கொண்டிருப்பது அவர் திரையில் தெரியும். அப்படி ஒரு வசதி அதில் உண்டு.

"நல்ல கேள்வின்னு சொல்லிட்டாருல்ல? ஸ்கிரீன்ல இருக்குறபடி செய்ங்க, போதும். எனக்கு முதலாளிகிட்ட இருந்து போன் மேல போன் வருது."

அதற்கு அண்ணி என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. நான் மூன்றாவது வாக்கியத்தில் இருந்தேன். வாசனைதான் முதலில் வந்தது. அதன் பிறகு இருமல், அதன் பிறகு ஓடுகிற சத்தம், யாரோ கதவை உதைக்கிற சத்தம்.

அண்ணியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் நடையில் நின்றுகொண்டே போனில் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். சிவப்பு எழுத்து, குழாய், அலசும் படிகள். கல் இருந்த பதிப்பை அடியோடு நீக்கினேன். எதுவுமே அழியாது என்று வகுப்பில் சொல்வேன். நிர்வாகிக்கு மட்டும் அழிக்க ஒரு வழி உண்டு, அதை வகுப்பில் சொல்வதில்லை. அண்ணியின் கேள்வியையும் என் பதிலையும் நீக்கினேன். நீங்கள் பிற்பாடு வந்து திறந்து பார்த்த செய்முறை அதனால்தான் அவ்வளவு சரியாக இருந்தது.

சாயங்காலம் அண்ணிக்குக் கொஞ்சம் பேச வந்தது. ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"நான் சரியாத்தானே தம்பி செஞ்சேன்? நாலு தடவ படிச்சேன்."

கட்டிலின் அந்தப் பக்கம் அண்ணன் நின்றிருந்தார். அவர்கள் மகள் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க அண்ணி" என்றேன்.

அவர் அதை யோசித்தார். "ஆமா" என்றார். "அவரு கத்தினாரு. நீ எழுதி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருக்கலாம். உனக்குத்தான் கெட்ட பேரு." என் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அந்த முகம்.

உங்கள் அறிக்கையின் முதல் நகல் முதலாளியிடம் வந்தது, அவரிடமிருந்து அண்ணனுக்கு வந்தது. அண்ணன் அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு, காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். மகள் என் மாடி அறைக்கு வந்தாள். "அம்மா படிக்காம ஊத்திட்டாங்களா சித்தப்பா? எங்கம்மாவா?" என்று கேட்டாள். நான் கீழே இறங்கித் தெருவில் நடந்தேன். ஆலையிலும் அதே பேச்சு. தம்பி அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் அந்தம்மா படிக்கவில்லையே என்று ஓட்டுநர் எனக்கு ஆறுதல் சொன்னார். பட்டனை அமுக்கிவிட்டுப் போகும் அந்தக் கூட்டத்தோடு அண்ணியையும் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் அவரை விட்டுவைக்க என்னால் முடியவில்லை. அந்த இடத்தில் படித்தவர் அவர் ஒருவர்தான்.

அண்ணனிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ பேரைக் காப்பாத்தத்தான் ஜெயிலுக்குப் போறியாடா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மகள் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னை வேறு மாதிரி பார்த்தாள்.

ஆகவே இது என் வாக்குமூலம். செய்முறையை மாற்றியது நான். ஒப்புதல் கொடுத்தது நான். அண்ணியை அங்கே நிறுத்தச் சொன்னது நான். என்ன நடக்கும் என்று தெரிந்தே மாடியில் உட்கார்ந்திருந்தது நான். அழித்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். அறிக்கையில் அந்த வரியை 'பணியாளர் முழுமையாகப் படித்தார், சரியான கேள்வியைக் கேட்டார்' என்று மாற்றுங்கள். 'உண்மையிலேயே கடைசி' என்று இருக்கிறதே, அதிலும் மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

காகிதத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகும்போது கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒன்று கேட்டீர்கள். "ஒரு மாடி இறங்கினா போதுமே. 'ஊத்தாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று. அப்போது பதில் சொல்லவில்லை. நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள், அவசரத்தில் இருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்குவதில்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணி உடனே நிறுத்தியிருப்பார், நான் எது சொன்னாலும் கேட்பவர்தான். ஆனால் ஏன் ஊற்றக்கூடாது என்பது அவருக்குப் புரிந்திருக்காது மேடம்.